உருளைக்கிழங்கில் மண்வழி நோய்: அறிகுறியைப் பார்த்து எருவைத் திருத்துவது

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டும் பயிர். 90 நாள் பயிருக்கு நடுவில் மண்ணுக்குள்ளிருந்து நோய் கிளம்பினால், அதன்மேல் எருவைக் கொட்டிக் குணப்படுத்த முடியாது. எருவும் கூட்டெருவும் நோயைத் தடுப்பது நடுவதற்கு முன்னர்தான். அதற்குப் பிறகு போடுவது வெறும் பசளை. அதைவிட, உக்காத எரு நோய்க்கே தீனியாகும். ஒரே மாட்டெரு, 10 நாள் வயதில் கெடுக்கும், 80 நாள் வயதில் காக்கும்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும்: இப்போது தோட்டத்தில் என்ன செய்யலாம், அடுத்த போகத்துக்கு எருவில் எதைத் திருத்த வேண்டும். அளவுகள் எல்லாம் பரப்புக் கணக்கில். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர்.

செடி பச்சை நிறம் மாறாமலே வாடுகிறது

மத்தியானம் துவண்டு, பின்னேரம் நிமிர்ந்து, இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போனால் முதல் சந்தேகம் பற்றீரியா வாடல், அதாவது ரல்ஸ்டோனியா. தண்ணீர் காணாது என்று நினைத்துக் கூட இறைத்தால் அந்த வாய்க்கால் முழுவதும் நோய் ஓடும். இறைக்குமுன் சோதித்துப் பாருங்கள். வாடிய செடியின் அடித்தண்டில் 2 அங்குலத் துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டு முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் பற்றீரியாதான். கிழங்கை வெட்டினால் தோலுக்கு உட்பக்கமாக ஒரு கபில வளையம் தெரியும், நசுக்கினால் அதிலிருந்து வெண்மையாகக் கசியும். கண்களில் மண் ஒட்டிப் பிடித்திருப்பதும் இதன் அடையாளம்.

நூல் இறங்கினால் அந்தச் செடியை வேர், கிழங்கு, சுற்றியுள்ள மண் எல்லாவற்றோடும் தோண்டிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் நிற்கும் செடிகளும் போகட்டும். காய வைத்து எரிக்கலாம், அல்லது கிணற்றுக்குத் தூரமாக 2 அடிக்குக் குறையாத கிடங்கில் தாழ்க்கலாம். எருக்குவியலில் மட்டும் போடவே கூடாது. குவியலின் நடுப்பகுதி சூடாகும், ஓரம் சூடாகாது. ஓரத்தில் தப்பிய ஒரு தண்டு அடுத்த வருடம் முழுத் தோட்டத்துக்கும் போகும். தோண்டிய இடத்துக்கு வாய்க்கால் தண்ணீர் போகாமல் மண் போட்டு அடைத்து, அந்தப் பாத்தியைக் கடைசியாக இறைக்கவும். செடிக்குக் கிட்டக் கொத்தக் கூடாது; பற்றீரியா உள்ளே போவது வேரின் காயத்தால்.

எருவின் பங்கு இங்கே மட்டமானது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நன்றாக உக்கிய கூட்டெருவைப் பரப்புக்கு 250 கிலோ வீதம் ஒவ்வொரு வருடமும் சேர்த்து வந்தால் மண்ணிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் பெருகி ரல்ஸ்டோனியாவுக்கு இடம் குறையும். ஆனால் அதோடு பயிர்ச் சுழற்சி இல்லாவிட்டால் 500 கிலோ போட்டாலும் பயனில்லை. எங்கள் பக்கத்தில் சுழற்சி என்று செய்வது பல வேளை சுழற்சியே இல்லை: கிழங்குக்குப் பிறகு மிளகாய், பிறகு கத்தரி, பிறகு புகையிலை. நாலும் ஒரே குடும்பம், நாலுக்கும் இந்த வாடல் வரும். தக்காளியும் அப்படியே. நிலக்கடலையும் இஞ்சியும் வேறு குடும்பம் என்றாலும் தப்பாது. இடையில் சின்ன வெங்காயம், சோளன், குரக்கன் வரவேண்டும். வாடல் கண்ட துண்டில் குறைந்தது 3 வருடம் கத்தரிக் குடும்பமே வேண்டாம். வரம்பில் முளைக்கும் மணத்தக்காளியும், போன வருடம் தப்பிய கிழங்கிலிருந்து தானாக முளைக்கும் செடியும் நோயை அந்த 3 வருடமும் வளர்த்து வைத்திருக்கும். கறிக்கு வேண்டுமென்று மணத்தக்காளியை விட்டு வைப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் வளர்க்கட்டும்.

கிளாசில் நூல் இறங்காமல், அடியிலைகள் மஞ்சளாகி, செடியின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மெல்ல வாடினால் அது பங்கசு வாடல். தண்டைச் சாய்வாக வெட்டினால் உள்ளே கபிலக் கோடு இருக்கும். சுழற்சி அதே மாதிரித்தான். எருவில் செய்யவேண்டியது கீழே, ட்ரைக்கோடேர்மா என்ற நன்மை செய்யும் பங்கசு பற்றிய இடத்தில் வருகிறது.

கிழங்கின் தோலில் சொறி

இது எங்கள் மண்ணுக்கே பொருந்திய நோய். கிழங்கின் மேல் தக்கை போல் தடித்த, சொரசொரப்பான புண்கள். சில வேளை குழி விழும். செடியில் ஒரு அறிகுறியும் தெரியாது, கிண்டும்போதுதான் தெரியவரும். காரணம் ஸ்ரெப்டோமைசஸ் என்ற நுண்ணுயிர். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.2 க்குக் கீழே, அதாவது மண் நல்ல புளிப்பாக, இருந்தால் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். எங்கள் நிலம் சுண்ணக்கல்லுக்கு மேல் கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு, பிஎச் நடுநிலையிலோ அதற்கு மேலோ நிற்கும்.

ஆகவே மற்ற நாட்டுப் புத்தகங்களில் உள்ளபடி கந்தகம் போட்டு மண்ணைப் புளிக்க வைக்கும் யோசனை இங்கே அநேகமாகக் காசுக்குக் கேடு. ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது, போடும் கந்தகம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். செய்யக்கூடியது, பிஎச்சை மேலும் ஏற்றாமல் விடுவது. அடுப்புச் சாம்பலைக் கிழங்குப் பாத்தியில் கொட்டுவது பழைய வழக்கம். வாழைக்குப் போடுங்கள், கிழங்குக்கு வேண்டாம். எருக்குவியலில் சுண்ணாம்பு தூவுவதும் அப்படியே. மேற்பசளையாக நைதரசன் கொடுப்பதானால் யூரியாவை விட அமோனியம் சல்பேற் வேரடியைச் சற்றுப் புளிப்பாக வைத்திருக்கும்.

பச்சை எரு சொறியைக் கூட்டும். நடுவதற்குக் கிட்டப் பட்டி அடைத்த துண்டிலும், புது மாட்டெரு போட்ட பாத்தியிலும் சொறி மோசமாக வருவது அதனால்தான். ஆட்டுப்பட்டி அடைக்க விருப்பமானால் கிழங்குக்கு முந்திய பயிருக்கு அடைக்கலாம். இன்னொரு வழியாலும் நோய் எருவுக்குள் வரும்: சொறி பிடித்த கிழங்கை மாட்டுக்கு வைத்தால் அந்த நுண்ணுயிர் மாட்டின் குடலைத் தாண்டிச் சாணத்தில் உயிரோடு வெளியேறும். அவித்துக் கொடுத்தால் பிரச்சினையில்லை.

சொறியைத் தடுக்கும் அடுத்த ஆயுதம் தண்ணீர், அதுவும் சரியான கிழமைகளில். நட்டு 35 ஆம் நாள் அளவில் ஒரு செடியைக் கிண்டிப் பாருங்கள். மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டின் நுனி இரண்டு மடங்கு தடித்திருந்தால் கிழங்கு பிடிக்கத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து 4 முதல் 6 கிழமை மண் காயக்கூடாது. கார்த்திகைக் கடைசியில் நட்டவர்களுக்கு இது மாரி மழை விட்டுப்போகும் தை மாதத்தில் வந்து விழும். மழை பெய்த ஞாபகத்தில் இறைப்பைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. 4 அங்குல ஆழத்து மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் அன்றே இறைக்கவும். செம்மண் தண்ணீரை வைத்திருக்காது, 3 நாள் இடைவெளியே சில இடத்தில் கூடுதல். கூட்டெரு உண்மையில் உதவுவது இங்கேதான்: அது சேர்ந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

சுழற்சியில் ஒரு வில்லங்கம் உண்டு. பீற்றூட், கரட், முள்ளங்கி மூன்றுக்கும் இதே சொறி வரும். வாடலுக்கு நல்ல மாற்றுப்பயிரான பீற்றூட் சொறிக்கு நல்லதல்ல. இரண்டு நோயும் உள்ள துண்டில் வெங்காயமும் சோளனும்தான் மிச்சம்.

கழுவினாலும் போகாத கறுப்பு மண்

கிழங்கில் மண் ஒட்டியிருப்பது போல் கறுப்புப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால்தான் கழரும். இது ரைசொக்டோனியா பங்கசு. முன்னதாகவே பிடிக்க வேண்டுமானால் முளைக்காத இடங்களைத் தோண்டிப் பாருங்கள்: முளையின் நுனி கபிலமாகிக் கருகியிருக்கும். வளர்ந்த செடியில் மண்ணுக்குள் இருக்கும் தண்டில் கபிலப் புண், நுனியிலை சுருளுதல், சில வேளை தண்டின் கக்கத்தில் பச்சையாகச் சிறு கிழங்கு.

எருப்பிழை மிகத் தெளிவாகத் தெரிவது இந்த நோயில். பச்சைக் குழையிலும் அரைகுறையாக உக்கிய வைக்கோலிலும் இந்தப் பங்கசு செடியே இல்லாமல் வாழும். கிளிசரியா, பூவரசு, வாகைக் குழை தாழ்த்துவது நல்ல பழக்கம். தாழ்த்த மறுகிழமையே கிழங்கு நடுவதுதான் கெட்ட பழக்கம். குறைந்தது 3 கிழமை, தண்டு தடித்த குழையானால் 4 கிழமை இடைவெளி வேண்டும். கொத்திப் பார்க்கும்போது இலை அடையாளம் தெரிந்தால் இன்னும் நாளாகவில்லை. பனையோலை தாழ்த்தலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அது ஒரு வருடத்தில்கூட முழுதாக உக்காது. ஓலையைக் கிழங்குக்கு முந்திய பயிருக்குத் தாழுங்கள்.

நடும்போது விதைக்கிழங்கின் மேல் 2 அங்குல மண் மட்டும் போட்டு, செடி எழும்பியபின் அணைக்க வேண்டும். ஆழ நட்டால் முளை மேலே வர நாள் எடுக்கும், அந்த நாட்களில்தான் பங்கசு பிடிக்கும். தண்டு பட்டபின் கிழங்கை நிலத்தில் நீண்ட நாள் விட்டாலும் பொருக்குக் கூடும். தோல் இறுகியதும் கிண்டிவிடுங்கள்.

அடித்தண்டில் வெள்ளை நூலும் கடுகு மணியும்

மண் மட்டத்தில் விசிறி போல் வெள்ளைப் பூஞ்சணம், அதில் முதலில் வெள்ளையாகவும் பிறகு கடுகு நிறமாகவும் உருண்டை மணிகள். இது ஸ்கிளரோசியம் என்ற பங்கசு. வெய்யில் ஏறும் மாசியில், ஈரம் உள்ள பாத்தியில் வரும். அந்த மணிகள் மண்ணில் சில வருடம் கிடக்கும். செடியை இழுத்துப் பிடுங்கினால் மணிகள் உதிர்ந்து பரவும். மண்வெட்டியைக் கீழே விட்டு மண்ணோடு தூக்கிச் சாக்கில் போடவும்.

காரணம் அநேகமாக மேல்மண்ணில் கிடக்கும் உக்காத சருகும் வைக்கோலும். மூடுபடை போட்டிருந்தால் தண்டிலிருந்து 4 அங்குலம் தள்ளி வையுங்கள். அடுத்த போகத்துக்கு முன் ஆழமாக, 8 அங்குலத்துக்குக் குறையாமல், புரட்டி மேல்மண்ணைக் கீழே அனுப்ப வேண்டும். அதன்பின் அதே துண்டை மறுபடி ஆழப் புரட்டினால் மணிகள் மேலே வந்துவிடும், அதையும் கவனிக்கவும்.

வேரில் முடிச்சு, கிழங்கில் பரு

வட்டப்புழு. செடி குட்டையாக, பசளை காணாதது போல் நிற்கும். வேரைத் தண்ணீரில் மெல்லக் கழுவினால் முடிச்சுகள் தெரியும், கிழங்கின் தோல் பருப் பருவாக இருக்கும். இதைத் தனியாகப் பார்ப்பது போதாது; புழு துளைத்த காயத்தால்தான் பற்றீரியா வாடலும் இலகுவில் நுழைகிறது.

இங்கே சேதனப் பொருள் நன்றாக வேலை செய்யும். பரப்புக்கு 25 கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி, நடுவதற்கு 2 கிழமைக்கு முன் மண்ணில் கலந்து நனைக்கவும். அதைவிடச் செலவு குறைந்தது சணல்: பரப்புக்கு 1 கிலோ விதை, புரட்டாதிக்கு முன்னமே விதைத்து இறைத்து, 45 முதல் 50 நாளில் பூ எடுக்கத் தொடங்கும்போது வெட்டித் துண்டாக்கித் தாழ்க்க வேண்டும். பூத்துக் காய்த்தபின் தாழ்த்தால் தண்டு நாராகிவிடும், 3 கிழமையில் உக்காது, ரைசொக்டோனியாவுக்கு விருந்தாகும். உக்கிய கோழி எருவும் புழுவைக் குறைக்கும், ஆனால் பரப்புக்கு 100 கிலோவுக்கு மேல் வேண்டாம். மிஞ்சும் நைதரசன் செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணக்கல் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்குப் போகும். குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டிப்போவது அறிந்த விடயம்.

கிழங்கு கூழாகி நாறுகிறது

அழுகல் பற்றீரியா. பெரும்பாலும் தண்ணீர் தேங்கிய பாத்தி. தோலில் வெள்ளைப் புள்ளிகள் உப்பியிருந்தால் கிழங்கு மூச்சுத் திணறியிருக்கிறது என்று அர்த்தம். வடிகாலைத் திறக்கவும், எருவால் செய்ய ஒன்றுமில்லை. பச்சைக் கோழி எருவை நட்டபின் காலடியில் போட்டவர்களுக்கு வேர் கருகி இதே அழுகல் வரும்.

இவ்வளவு செய்தும் கூட்டெரு வேலை செய்யவில்லை

அப்படியானால் குவியலைத்தான் சோதிக்க வேண்டும். கார்த்திகை 20 ஆம் திகதி அளவில் நடுவதென்றால் குவியல் ஓகஸ்ட் நடுப்பகுதியில் கட்டியிருக்க வேண்டும். அகலம் 5 அடி, உயரம் 4 அடி, நீளம் 10 அடி. 6 அங்குலம் காய்ந்த சருகும் வைக்கோலும், 4 அங்குலம் பச்சைக் குழை, 2 அங்குலம் சாணம் அல்லது ஆட்டெரு, மேலே ஒரு பிடி தோட்ட மண். இதே வரிசையில் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு அடுக்கையும் நனைக்கவும். கையால் பிழிந்தால் ஓரிரு துளி விழவேண்டும், ஒழுகக் கூடாது. உக்கி முடிந்தால் இது நாலைந்து பரப்புக்குக் காணும்.

மூன்று நாலு நாளில் நடுவில் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரவேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் இரும்புக் கம்பியை 10 நிமிடம் குத்தி வைத்து இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம்; பிடித்திருக்க முடியாத சூடு என்றால் சரி. 55 பாகைக்கு மேல் 15 நாள், அதற்குள் 5 தடவை புரட்டல், ஓரத்தில் இருந்தது நடுவுக்கு. நோய்க்கிருமியைக் கொல்வது இந்தப் புரட்டல்தான், வெறுமனே நாள் கடத்துவது அல்ல.

சூடேறாவிட்டால் அநேகமாகக் காய்ந்துவிட்டது. ஓகஸ்டில் சோளகக் காற்று ஒரு இரவில் குவியலின் ஓரத்தை உலர்த்திவிடும், கிடுகு போட்டு மூடுங்கள். ஈரம் இருந்தும் சூடேறாவிட்டால் சாணமோ குழையோ காணாது. அமோனியா மணம் வந்தால் மறுவளம்: பச்சை கூடிவிட்டது, சருகு சேர்க்கவும். புளித்த, முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை. ஒக்ரோபர் மழைக்குக் கூரையோ பொலித்தீனோ இல்லாத குவியல் இப்படித்தான் கெடும், சத்தும் கழுவிப்போகும்.

சூடு அடங்கியபின் 8 கிழமை ஆற விடவேண்டும். பலர் தவற விடுவது இதை. சூட்டில் கெட்டதோடு நல்ல நுண்ணுயிரும் சாகிறது. அவை திரும்பக் குடியேற ஆறும் காலம் தேவை. மண் தரையில் ஆறிய குவியலில் அவை தரையிலிருந்தே ஏறும். சீமெந்துத் தரையில் ஆறவிட்டால் ஏறுவது குறைவு, அதனால் தோட்ட மண் கலக்கவும். 2 வருடம் கிடந்து வெறும் மண்ணாகிப்போன எருவும் நோயைத் தடுக்காது, அதில் நுண்ணுயிருக்குத் தின்ன ஒன்றும் மிச்சமில்லை.

உக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு பிடியை நனைத்துப் பொலித்தீன் பையில் கட்டி 3 நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் மணம் வந்தால் போடலாம். அமோனியாவோ புளிப்போ வந்தால் இன்னும் இரண்டு கிழமை. விலைக்கு வாங்கும் எருவுக்கு இந்தச் சோதனை கட்டாயம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோது எருவுக்கு எல்லோரும் ஓடித்திரிந்தது ஞாபகம் இருக்கும். அவசரத்தில் வாங்கும் எரு பெரும்பாலும் உக்காத எரு. கீரை விதை 20 எடுத்து, பாதி எருவும் பாதி மண்ணுமாகக் கலந்த சட்டியிலும் வெறும் மண் சட்டியிலும் போட்டு முளையை எண்ணிப் பார்ப்பது இன்னும் திருத்தமானது.

ட்ரைக்கோடேர்மா சேர்ப்பது இந்த ஆறிய எருவில்தான், சூடான குவியலில் அல்ல. 100 கிலோ கூட்டெருவுக்கு 1 கிலோ, ஈரப்படுத்தி நிழலில் சாக்கால் மூடி, 3 நாளுக்கொரு தடவை புரட்டி, 7 முதல் 10 நாளில் பச்சை பூத்துவிடும். பக்கற்றிலுள்ள திகதியைப் பார்த்து வாங்கவும். இவ்வளவும் 16 பரப்புக்குக் காணும். நடும் சாலில் பரப்புக்கு 6 கிலோவாகத் தூவலாம். ரைசொக்டோனியா, ஸ்கிளரோசியம், பங்கசு வாடலுக்கு இது உதவும், பற்றீரியா வாடலுக்கு இதை நம்பியிருக்க வேண்டாம். விதைக்கிழங்கைப் பங்கசுநாசினியில் நனைத்து நட்டால் அந்தச் சாலில் ட்ரைக்கோடேர்மாவும் சாகும், இரண்டில் ஒன்று.

கூட்டெருவை நடுவதற்கு 2 முதல் 3 கிழமைக்கு முன் 6 அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். ஒரு பாத்தியை எரு இல்லாமல் விட்டு, கிண்டும்போது அந்தப் பாத்தியிலும் பக்கத்துப் பாத்தியிலும் 50 கிழங்கு வீதம் கழுவி, சொறியும் பொருக்கும் உள்ளவற்றை எண்ணினால் அடுத்த வருடம் எவ்வளவு போடுவது என்பது தெரியும். வாடல் கண்ட இடத்தில் தடி குத்தி அடையாளம் வைத்து, அந்தப் பாத்தியைக் கடைசியாகக் கிண்டவும். மண்வெட்டி அடுத்த தோட்டத்துக்குப் போகுமுன் மண்ணைக் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைக்கவும். விதைக்கிழங்கு வெட்டும் கத்திக்கும் இதே கரைசல்தான், ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு முக்கு. இரண்டு கத்தி வைத்திருந்தால் ஒன்று ஊற மற்றதால் வெட்டலாம்.